அம்மா சிரித்த இடம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது அம்மாவின் சிரிப்பு இல்லை. படத்தின் ஓரத்தில், நாற்காலிக் கைப்பிடியின் மேல், ஒரு பச்சைச் சட்டைக் கை தெரிந்தது. முழங்கைக்குக் கீழே கொஞ்சம்தான். அது என் கை.

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எடுத்த எடுப்பிலேயே சொன்னால் உனக்குப் புரியாது. அதனால் வீட்டுச் செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் எனக்கு ‘ம்’, ‘சரி’ இரண்டும்தான் வரும் என்று நீயே மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறாய். இங்கே ஸ்டுடியோவில் மதியம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டால் ஒரு கம்ப்யூட்டர் சும்மா இருக்கும். எடிட்டர் சாரிடம் கேட்டுக்கொண்டுதான் இந்த மெயிலை அடிக்கிறேன்.

வீட்டில் எல்லாம் வழக்கம்போலத்தான். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. வீட்டுக்காரர் வந்து நெடுநேரம் குனிந்து பார்த்து, "ஒழுகத்தான் செய்யுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்பு தேய்க்கிற பெரிய மெஷின் கெட்டுப்போய்விட்டதால் அம்மாவும் மற்றவர்களும் கையால் தேய்க்கிறார்கள். வலது தோள் வலிக்கிறது என்று அம்மா சொல்லவில்லை. இடது கையால் தலை வாரிக்கொள்வதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். தைலம் வாங்கி வைத்தேன். எதற்கு இந்தத் தண்டம் என்று திட்டிக்கொண்டே தேய்த்துக்கொண்டாள். அப்பாவைக் கடைசியாகக் கொண்டுபோன அந்த லிஃப்டில் அவள் இன்னும் ஏறுவதில்லை. துணி வண்டியை லிஃப்டுக்குள் தள்ளி பட்டனை அழுத்திவிட்டு, படியேறிப் போய் மேலே அதை வாங்கிக்கொள்கிறாளாம். கூட வேலை செய்கிற அக்கா சொன்னாள்.

என் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. நீ சொல்லிச் சேர்த்துவிட்ட வேலை என்பதற்காக எழுதவில்லை. பள்ளியை நிறுத்திவிட்டு, உடம்பு முடியாத அப்பாவுக்குத் துணையாக வீட்டிலேயே இருந்தபோது, இனி நாலு பேர் நடுவில் போய் எப்படி நிற்கப் போகிறேன் என்று பயந்துகொண்டிருந்தேன். இங்கே யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. உன் மேடை நகைச்சுவைப் படத்துக்காக எடுத்த துண்டுகளையெல்லாம் பார்த்து, எது எந்தக் கேமராவில் எப்போது எடுத்தது என்று பெயர் போட்டு அடுக்க வேண்டும். சிரிப்புச் சத்தங்களையும் தனியாக அடுக்க வேண்டும். சின்னச் சிரிப்பு, அலையாக வருவது, கைதட்டலோடு சேர்ந்து வருவது, கூட்டத்தில் ஒரே ஒருத்தர் மட்டும் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவது. பக்கத்தில் இருப்பவர் விளக்கம் சொன்ன பிறகு சிரிக்கிறார்களே, அதற்கு சவுண்ட் அண்ணன் ‘தபால் சிரிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார். எனக்கு அவர் வைத்த பெயர் ‘ஊமைப்படம்’. எனக்குக் கோபம் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் டைரக்டர் உனக்கு முதல் எடிட்டை அனுப்பினார். நீ அன்று சாயங்காலமே போன் செய்தாய். "அம்மா சிரிச்சுட்டாடி. அப்பா ஜோக்குக்கு சிரிச்சுட்டா" என்றாய். அப்புறம் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. அந்த இரவு நன்றாகத் தூங்கப் போவதாகச் சொன்னாய். முதல் காட்சிக்கு நீயே வந்து அம்மாவை முன்வரிசையில் உட்காரவைக்கப் போவதாகவும், படத்தையே அந்த ஷாட்டில்தான் முடிக்க வேண்டும் என்று டைரக்டரிடம் கேட்டிருப்பதாகவும் சொன்னாய். நான் ‘ம்’ என்றேன். அதுவரை நான் அந்த எடிட்டைப் பார்க்கவில்லை.

மறுநாள் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. இது மேடை நிகழ்ச்சியை அப்படியே எடுத்த படம் மட்டும் இல்லை, பாதி டாகுமென்டரி என்று டைரக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார் அல்லவா, அந்தப் பாதியும் நன்றாக இருக்கிறது. அப்பா ஆபரேட்டராக இருந்த பழைய ஆபீஸ் லிஃப்டுக்குள் நீ நின்று பேசுகிற பகுதியை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்பா மாடிக்குத் தகுந்த மாதிரி ஜோக் வைத்திருந்ததைச் சொல்கிறாய். "தினம் நூறு தடவை மேல போறேன் சார், சம்பளம் மட்டும் கிரவுண்ட் ஃப்ளோர்லயே நிக்குது" என்பது இரண்டு மாடி ஜோக். பெரியதாக இருந்தால் எட்டாவது மாடிக்காரர்களுக்கு. வழியில் யாராவது ஏறினால், கதவு திறந்தால், அவ்வளவுதான், பாதியில் நின்றுவிடும். முழு ஜோக்கையும் கேட்டது எட்டாவது மாடிக்காரர்கள் மட்டும்தான், அவர்களும் சிரித்ததில்லை என்கிறாய். அதைச் சொல்லும்போது உன் கை உனக்கே தெரியாமல் பட்டன் பலகையின் மேல் இருக்கிறது.

நம் வீட்டில் எடுத்ததும் இருக்கிறது. அம்மா பேட்டி தர மாட்டேன் என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாளே, டைரக்டர் அந்தச் சாத்திய கதவையே எடுத்து, அடியில் வயலின் போட்டிருக்கிறார். உள்ளே குக்கர் விசில் கேட்கிறது. அதை மட்டும் நீக்க முடியவில்லையாம்.

பிறகு மேடை. நீ கடைசியாகச் சொல்கிற கதை. அப்பாவை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ஆபரேஷனுக்கு லிஃப்டில் கொண்டுபோகிறார்கள். அப்பா படுத்தபடியே நர்ஸைப் பார்த்து, ஒருத்தன் ஒரு நாள் லிஃப்டில் ஏறினான், எந்த மாடி என்று ஆபரேட்டர் கேட்டான், அதற்கு அவன், என்று ஆரம்பிக்கிறார். மணி அடிக்கிறது. கதவு திறந்துவிடுகிறது. தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். நீ கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறாய். "அப்பா திரும்பி வரல. அந்த ஆள் எந்த மாடிக்குப் போகணும்னு எங்க குடும்பத்துல இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியாது." அரங்கமே சிரிக்கிறது. பெரிய அலை. அப்போது அம்மாவைக் காட்டுகிறார்கள். தலையைப் பின்னால் சாய்த்து, கையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்கிறாள். ஒரு கண்ணில் விளக்கு வெளிச்சம் பட்டு ஈரம் மாதிரி மின்னுகிறது. நீ ஏன் அழுதாய் என்று புரிந்தது.

அப்புறம்தான் அந்தப் பச்சைக் கை.

நான் அப்போது அம்மாவின் பக்கத்தில் இல்லை அண்ணா. நிகழ்ச்சி நடந்த நேரம் முழுவதும் சவுண்ட் அண்ணனின் மேஜைக்குப் பின்னால் நின்று, எங்கே சிரிப்பு வருகிறது என்று குறித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தது நீ மேடைக்கு வருவதற்கு முன்னால். மைக்கோடு ஒருவர் வந்து, இப்போது ஒரு சின்னப் பயிற்சி, உங்கள் வாழ்க்கையிலேயே பெரிய ஜோக் கேட்ட மாதிரி எல்லோரும் சிரியுங்கள் என்றார். கேமராக்களையெல்லாம் எங்கள் பக்கம் திருப்பினார்கள். நீ அப்போது உள்ளே வேர்த்துக்கொண்டிருந்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா முழங்கையால் இடித்தாள். "சிரிடி. சிரிக்கத்தானே சொல்றாங்க, சொத்தையா கேக்கறாங்க?" என்றாள். அவள் சிரித்தாள். சொன்ன வேலையை அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவளுக்குக் கிடையாதே. தலையைச் சாய்த்து, வாயை மூடி, முழுதாகச் சிரித்துவிட்டு, "போதுமாம்" என்று நேராக உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்புதான் படத்தில் இருக்கிறது.

எடிட்டர் சாரிடம் கேட்டேன். கேட்டேன் என்றால், திரையில் கையைக் காட்டினேன். அவர் மறைக்கவில்லை. எல்லா மேடைப் படத்திலும் இப்படித்தான், சிரிப்பு ஒரு பக்கம் ஜோக் ஒரு பக்கம், நல்ல முகம் கிடைத்தால் நல்ல இடத்தில் வைப்போம் என்றார். இரண்டு நாள் நிகழ்ச்சியை ஒன்றாக ஒட்டத்தானே உன்னை இரண்டு நாளும் ஒரே நீலச் சட்டை போடச் சொன்னார்கள் என்றார். அவர் சொல்வது சரிதான். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நிஜமாக அந்த நேரத்தில் அம்மா என்ன செய்தாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. இடது பக்கக் கேமராவில் எடுத்ததைத் தேடிப் பார்த்தேன். என் நாற்காலியில் அம்மாவின் பை இருக்கிறது. நீ ‘யாருக்கும் தெரியாது’ என்று சொல்கிறாய். எல்லோரும் சிரிக்கிறார்கள். அம்மா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பின்னால் பார்க்கிறாள். சிரிப்பு அடங்கும்வரை அப்படியே இருக்கிறாள். கேமராவில் தெரிவது அவளுடைய பின்னந்தலையும் கொண்டையும்தான். முகம் தெரியவில்லை. ஏன் திரும்பினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

சலவைக்கூடத்தில் யாரோ போனில் அப்பா கதை வருகிற உன் நிகழ்ச்சியைக் காட்டி, "உன் பையன்தானே?" என்று கேட்ட நாளிலிருந்து அம்மா உன்னோடு பேசுவதில்லை. நம் வீட்டில் இருக்கிற ஒரே போன் என் பையில்தான் கிடக்கிறது. நீ கூப்பிட்டால், "நல்லா இருக்கேன்னு சொல்லு" என்று என்னிடம் சொல்வாள். நானும் சொல்வேன். நீயும் "சரி" என்பாய். அந்த நிகழ்ச்சிக்குக்கூட, டிக்கெட் வீணாகப் போகுமே என்றுதான் வந்தாள். இப்போது நீ அவள் சிரித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வரப் போகிறாய். முன்வரிசையில் உட்காரவைத்து, அவள் சிரிக்காத சிரிப்பை அவளுக்கே காட்டப் போகிறாய். அது வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ ஒரு வார்த்தை சொன்னால் டைரக்டர் அந்த ஷாட்டை நீக்கிவிடுவார். படத்தை முடித்துக் கொடுக்கிற நாள் நெருங்குகிறது. அதற்குள் சொல்லிவிடு.

தொண்டையைப் பார்த்துக்கொள். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

இப்படிக்கு,
பயிற்சியிலும் சிரிக்காத உன் தங்கை


அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பதில் வந்தது. மூன்று வரி. எல்லாப் படமும் இப்படித்தான், அவள் எப்போது சிரித்தால் என்ன சிரித்தாள் அல்லவா, ஷாட் இருக்கட்டும், அம்மாவிடம் சொல்லாதே என்று. கடைசியில் ‘உன் வேலையைப் பார்’ என்று எழுதி, அதை அழிக்காமல் விட்டுவிட்டாய். பரவாயில்லை. நான் என் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவளே வந்துவிட்டாள்.

சலவைக்கூட மெஷினைச் சரிசெய்ய ஆள் வந்ததால் பாதி நாளிலேயே அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாவி என்னிடம் இருந்தது. வாங்கிக்கொள்ள ஸ்டுடியோவுக்கு வந்தாள். கீழே இருக்கிற டயர் கடைக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டு, அந்த இருட்டுப் படியில் ஏறி, கதவைத் தட்டி, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். செருப்போடு வரலாம் என்று எடிட்டர் சார் சொன்னார். இவ்வளவு மெஷின் இருக்கிற இடத்தில் வேண்டாம் என்றாள்.

எடிட்டர் சார் எழுந்து நின்று தன் சுழல் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். அது சுழன்றுவிடக் கூடாது என்று அம்மா இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தாள். தேநீர் வரவழைத்தார்கள். ஹீரோவின் அம்மா வந்திருக்கிறார் என்று சவுண்ட் அண்ணன் உள்ளறையிலிருந்து வந்து வணக்கம் சொன்னார். அவர்கள் எல்லோரும் நல்லவர்கள் அண்ணா. அம்மாவைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். "உங்களைத்தாம்மா கடைசியில வச்சிருக்கோம், பாருங்க" என்று எடிட்டர் சார் கடைசிப் பகுதியை ஓட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ‘ம்’கூட வரவில்லை.

அம்மா கையில் தேநீரை வைத்துக்கொண்டு பார்த்தாள். நீ கதை சொல்லி முடிக்கிறவரை குடிக்கவில்லை. அவள் முகம் திரையில் வந்ததும், கண்ணாடி முன்னால் நிற்கிற மாதிரி காதோர முடியை ஒதுக்கிக்கொண்டாள். படம் நின்றது. திரை முழுக்க அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது அந்த மைக் வச்சிருந்த தம்பி சிரிக்கச் சொன்னப்போ சிரிச்சது" என்றாள்.

எடிட்டர் சார் கொஞ்சம் நெளிந்தார். தொழிலில் அப்படி இப்படி இருக்கும் என்றார். ஆஸ்பத்திரியில் கிழிந்த விரிப்பைக் கிழிசல் கீழே போகிற மாதிரி மடித்து வைப்பதில்லையா, அதுபோலத்தான் என்று சவுண்ட் அண்ணன் உதவிக்கு வந்தார். அம்மா அவரைப் பார்த்து, நாங்கள் தைத்துவிட்டுத்தான் மடிப்போம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள். அதை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை.

பிறகு, "என் பையன் இதைப் பார்த்தானா?" என்று கேட்டாள்.

பார்த்துவிட்டு நீ அழுததாக எடிட்டர் சார் சொன்னார். அம்மா தேநீரை ஒரே மூச்சில் குடித்தாள். "அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

நீயும் அதையேதான் எழுதியிருந்தாய். ‘இருக்கட்டும்.’

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பஸ் நிறுத்தம்வரை விட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மாவோடு கிளம்பினேன். டயர் கடை, மருந்துக் கடை, பூட்டிய பேங்க் எல்லாம் தாண்டுகிறவரை வார்த்தையைச் சேர்த்துக்கொண்டே போனேன். நிறுத்தத்துக்குப் போன பிறகுதான் கேட்டேன். அன்று அப்பா கதையை அண்ணன் சொல்லி முடித்தபோது ஏன் திரும்பிப் பின்னால் பார்த்தாய் என்று.

அதையும் படம் பிடித்துவிட்டார்களா என்று கேட்டாள். ஆமாம், ஆனால் பின்னந்தலைதான் தெரிகிறது என்றேன். அப்படியா என்று கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "உங்கப்பா ஜோக்கு சொன்னா முடியறதுக்குள்ள எல்லாரும் இறங்கிப் போயிடுவாங்க. அத்தனை பேர் உக்காந்து கேட்டாங்களே, அதான் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தர்கூட இறங்கிப் போகல."

அப்படியென்றால் உன்மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். ஒரே நாளில் நான் இரண்டு கேள்வி கேட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"கதையைச் சொன்னதுல என்ன இருக்கு. சொல்லட்டும். யாருக்கும் தெரியாதுன்னு சொல்றானே, அதுதான். எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதுசுலேர்ந்து அந்த ஜோக்கைக் கேட்டவ நான். கதவு திறந்துச்சு. தள்ளிக்கிட்டு ஓடறாங்க. உங்கப்பா என்னைப் பார்க்கறார். கூடவே ஓடிக்கிட்டே மீதியை நான் சொன்னேன். சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டேதான் உள்ள போனாரு."

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "உன் அண்ணனுக்குப் போன் பண்ணினப்போ கதவு திறந்ததுவரைக்கும்தான் சொல்ல முடிஞ்சுது. அதுக்கு மேல தொண்டை அடைச்சுக்கிச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னு அவன் கேப்பான், கேப்பான்னு இருந்தேன். கேக்கவே இல்ல. அங்கேயே நிறுத்தி மேடையில வச்சுட்டான்" என்றாள்.

அந்த ஆள் எந்த மாடி என்று சொன்னான், மீதியை அப்பாவிடம் என்னவென்று சொன்னாய் என்று அம்மாவைக் கேட்டேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அம்மா ஏறிக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது. நம் வீட்டு ஜோக்குக்கு வேறு என்ன நடக்கும்? சாயங்காலம் வீட்டுக்குப் போய் மறுபடி கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அவன் கேட்டா சொல்றேன்" என்றாள்.

அண்ணா, நான் உன் மேல் குறை சொல்ல எழுதவில்லை. அன்றைக்கு உனக்கும் தொண்டை அடைத்துத்தான் இருந்திருக்கும். உன் நிகழ்ச்சி எல்லாவற்றையும் நான் கேட்டுப் பெயர் போட்டு அடுக்கியிருக்கிறேன். ‘யாருக்கும் தெரியாது’ என்று சொல்வதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நீ எச்சில் விழுங்குகிறாய். சத்தத்தைக் கூட்டினால் மைக்கில் கேட்கிறது. எடிட்டர் சார் அதை நீக்கிவிடுவார்.

அந்தச் சிரிப்பு படத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா மன்னித்துவிட்டாள் என்று நீ நிம்மதியாக இருப்பாய். நீ நிம்மதியாக இருக்கிறாய் என்று அவள் நிம்மதியாக இருப்பாள். இரண்டு பேரும் பேசவே வேண்டியதில்லை. நீ கூப்பிடுவாய், நல்லா இருக்கேன்னு சொல்லு என்பாள், நான் சொல்வேன். இப்படியே போய்விடும். அப்பா எப்படிச் சிரித்துக்கொண்டே போனார் என்பது அம்மாவோடேயே இருந்துவிடும்.

அதனால் மறுநாள் எடிட்டர் சாரிடம் போய் நின்றேன். கையைக் காட்டவில்லை. வாயால் சொன்னேன். "சார், அந்த ஷாட்டை எடுத்துட்டு எங்கம்மா திரும்பிப் பார்க்கற ஷாட்டை வச்சுப் பாருங்க." அறையில் எல்லோரும் திரும்பினார்கள். "ஊமைப்படத்துக்கு சவுண்ட் சேர்த்துட்டாங்கடா" என்றார் சவுண்ட் அண்ணன். ஆனாலும் நகரவில்லை. பின்னந்தலையை யார் பார்ப்பார்கள் என்று எடிட்டர் சார் கேட்டார். நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, அதையும் ஒரு தனி வெர்ஷனாகப் போட்டு வைத்தார். அரங்கம் சிரிக்கிறது. அம்மாவின் கொண்டை. அவள் பார்க்கிற பக்கம் வரிசை வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். அவர் அதை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை டைரக்டர் வருகிறார், இரண்டையும் காட்டுகிறேன், ஆனால் எது வேண்டும் என்று உன் அண்ணன்தான் சொல்ல வேண்டும் என்றார்.

இரண்டையும் இந்த மெயிலோடு அனுப்பியிருக்கிறேன். பார். எது என்று இப்போதே சொல்லாதே.

முதலில் அம்மாவைக் கூப்பிடு. மன்னிப்பு எல்லாம் கேட்க வேண்டாம். அவளுக்கு அது பிடிக்காது, நீயும் அதை ஜோக்காக மாற்றிவிடுவாய். அந்த ஆள் எந்த மாடிக்குப் போகணும்னு சொன்னான் என்று மட்டும் கேள். அவள் சொல்லி முடிக்கிறவரை போனை வைத்துவிடாதே. நடுவில் தொண்டை அடைத்தாலும், சத்தமே வராவிட்டாலும், லைனிலேயே இரு. அதற்குப் பிறகு டைரக்டரிடம் நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். அந்தப் பச்சைக் கையே படத்தில் இருந்தாலும் சரி.

சலவைக்கூடத்தில் பெரிய மெஷின் சரியாகிவிட்டது. அதனால் அம்மாவுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முழு நேரமும் உட்கார முடிகிறதாம். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அங்கே சத்தம் இருக்காது.

போகிற ஊரிலெல்லாம் உன் பேச்சு முடிகிறவரை யாரும் எழுந்து போகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: இனி நீ கூப்பிட்டால் நான் எடுக்க முடியாது. இன்று காலை அம்மா குளிக்கப் போயிருந்தபோது, போனை அவளுடைய வேலைப் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டேன். சார்ஜ் முழுதாக இருக்கிறது. சத்தத்தையும் முழுதாகக் கூட்டி வைத்திருக்கிறேன்.